கிளைசினுக்கு மேலே ஒரு புள்ளி

வெள்ளவத்தை
14.1.1979

அன்புத் தங்கச்சி றோசாலிக்கு,

அண்ணன் மத்தேயு எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு இறங்குகிறது. அம்மாவின் மூட்டுவலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று மறைக்காமல் எழுது.

பசறையில் மொஹிதீன் நானாவின் கடைக்கு லொறியில் ஒரு பார்சல் வருகிறது. கவனமாக எடு. உள்ளே கண்ணாடிச் சாமான்.

விஷயம் இதுதான். நான் போத்தல் கழுவும் ஆய்வுகூடத்தில் ஸவாஹிரா மிஸ் இருக்கிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். உயிர் வருவதற்கு முன்பே உலகத்தில் புரதம் எப்படி உண்டாகியிருக்கும் என்பதுதான் அவருடைய வேலை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலையாம். இன்று நம் உடம்பில் அவை இருபது வகை. ஆதியில் அத்தனை இருந்திருக்காது, சில எளியவைதான் இருந்திருக்கும். எல்லாவற்றிலும் எளியது கிளைசின். பத்து வருஷத்துக்கு முன் அவுஸ்திரேலியாவில் விழுந்த விண்கல்லுக்குள்கூட அது இருந்ததாம். மணி கிடைத்துவிட்டது, கோத்தது யார் என்பதுதான் கேள்வி. போன வருஷம் வெளிநாட்டில் சிலர், களிமண்ணில் கிளைசினைக் கலந்து, நனைத்து, சூடாக்கிக் காயவைத்து, மறுபடி நனைத்து, இப்படியே பல நாள் செய்து பார்த்தார்களாம். ஐந்து மணி வரை கோத்துக்கொண்டதாம்.

மிஸ்ஸின் சூடடுப்பை நாலு பேர் பங்கு போடுகிறார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க அப்பா தேயிலை ஸ்டோர்ல, கொழுந்து காயவைக்கிற ட்ரையர் அடுப்பு பாக்குறவர், மிஸ். பகலெல்லாம் சூடு, ராவுல குளிர்" என்றேன். உனக்கு விஞ்ஞானப் பரீட்சையில் கிடைத்த புள்ளிகளையும் சொன்னேன். யூலையில் உதவியாளர் இடம் ஒன்று வருகிறது. மிஸ் சொன்னது: "வாயால சொல்லி ஒருத்தரையும் எடுக்க மாட்டேன் மத்தேயு. உங்கட தங்கச்சி கையால செஞ்சு காட்டட்டும்."

செய்முறையும் கிளைசினும் களிமண்ணும் பார்சலில் இருக்கின்றன. சோதனைத் தாளில் விரல் படக்கூடாது. வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு, அதுவும் மருந்து பட்டதும் ஊதாவாகத் தெரியும்.

அன்பு அண்ணன்,
மத்தேயு


மேற்பிரிவு, மடுல்சீமை
3.2.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் காய்ச்சல் விட்டது கேட்டு அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். அம்மாவுக்கு மூட்டு பரவாயில்லை. அப்பா இருமுகிறார், ஆனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. பார்சல் உடையாமல் வந்தது.

பிள்ளை மடுவத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் பதினேழு குழந்தைகளை நான்தான் பார்க்கிறேன். ஐந்து மணிக்கு அவர்களைக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்கு ஓடுகிறேன். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா நாலு தட்டுக்குத்தான் இடம் தந்தார். "ஒன்னு கூடினாலும் தூக்கி வெளியில போடுவேன்" என்றார். கிளைசின் கலந்த களிமண் நாலு தட்டிலும் இருக்கிறது. கிளைசின் கலக்காத வெறும் களித் தட்டு ஒன்றும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதை வீட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன்.

ட்ரையரின் மேல் தகட்டில் பகலில் தொண்ணூறு பாகை வரை ஏறுகிறது. மாலையில் நெருப்பு தணிந்ததும் நனைக்கிறேன். விடியற்காலை மூடுபனி ஜன்னல் வழியாக வந்து இன்னும் கொஞ்சம் நனைக்கிறது. ஆதியில் குளங்களின் ஓரமும் இப்படித்தானே நனைந்து காய்ந்திருக்கும் என்று தட்டுகளைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "தேயிலை வறுக்கிற எடத்துல மண்ண வறுக்குறியே புள்ள, இத யாரு வாங்குவா?" என்கிறார். ஆனால் காலையில் முதலில் போய்த் தட்டுகளைப் பார்ப்பவர் அவர்தான்.

இந்த இடம் எனக்கு வேண்டும் அண்ணா. வேறு எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை.

உங்கள் தங்கை,
றோசாலி


மடுல்சீமை
25.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து தடவை நனைத்துக் காயவைத்த பிறகு, களியைத் தண்ணீரில் கரைத்து வடித்து, தாளில் பொட்டு வைத்தேன். மிஸ் எழுதியபடி தாளைப் பிஸ்கட் போத்தலுக்குள் தொங்கவிட்டு, திரவம் மேலே ஏறியதும் காயவைத்து, ஊதா நிறம் காட்டும் நின்ஹைட்ரின் மருந்தில் தோய்த்து, அடுப்புக்கு நேரே பிடித்தேன். ஒவ்வோர் அமிலமும் தாளில் தனக்கென்று ஓர் உயரத்தில் நிற்குமாம். கிளைசின் அதன் இடத்தில் ஊதாவாக வந்தது. இரண்டு மணி கோத்திருந்தால் கிளைசினுக்குக் கீழே தெரியும் என்று மிஸ் எழுதியிருந்தார். கீழே ஒன்றுமில்லை.

மேலே இருந்தது. கிளைசினுக்கு மேலே இன்னொரு ஊதாப் புள்ளி. நாலு தட்டிலும் ஒரே உயரத்தில். வீட்டில் இருந்த வெறும் களியில் ஒன்றுமே இல்லை.

நான் உள்ளே போட்டது கிளைசின் ஒன்றுதான். அப்படியானால் இந்த இரண்டாவது அமிலம் எங்கிருந்து வந்தது? ஆதியில் இருந்த சிலவற்றிலிருந்து இருபது எப்படி வந்தது என்ற கேள்விக்கு இது ஒரு துப்பா? மூன்று தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "கத்தரிப்பூ நெறம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

உங்கள் தங்கை,
றோசாலி


வெள்ளவத்தை
8.4.1979

என் அருமைத் தங்கச்சி,

நீ நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும்!

மிஸ் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மத்தேயு, இரிங்க" என்றார். பதினொரு வருஷத்தில் அந்த அறையில் எனக்கு யாரும் கதிரை காட்டியதில்லை. நீ எப்படிச் செய்தாய், எத்தனை தடவை, தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெளிநாட்டில் தெரிந்த ஒரு பேராசிரியருக்கும் எழுதப் போகிறாராம். களஞ்சியம் பார்க்கும் லத்தீப், "என்ன மத்தேயு, இனி உன்னை சேர் எண்டு கூப்பிடோணுமா?" என்று கிண்டல் பண்ணுகிறான். பண்ணட்டும்.

யூலை முதலாம் தேதி இடம் உனக்குத்தான். மிஸ் வாயாலேயே சொன்னார். பிறப்புப் பத்திரத்தையும் பரீட்சைச் சான்றிதழையும் எடுத்து வை. அம்மாவிடம் சொல், நீ தங்குவதற்கு இங்கே மாதாகோயிலுக்குப் பக்கத்தில் நல்ல விடுதி இருக்கிறது.

அன்பு அண்ணன்,
மத்தேயு


மடுல்சீமை
30.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா நாலு தடவை வாசிக்கச் சொன்னார். அப்பாவின் இருமல் கொஞ்சம் குறைவு. இங்கே மழை.

பத்துக் கண்ணாடி மூடிகள் அனுப்ப முடியுமா? தட்டின் வாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். தாளும் இன்னும் கொஞ்சம் வேண்டும். மிஸ்ஸின் ஆய்வுகூடத்தில் தேநீர் குடிப்பார்களா, குடித்தால் எந்த அறையில் என்று பார்த்து எழுதுங்கள்.

விடுதியில் இப்போதைக்கு இடம் பிடிக்க வேண்டாம்.

உங்கள் தங்கை,
றோசாலி


மடுல்சீமை
28.5.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

மூடிகள் கிடைத்தன. நன்றி. எல்லோரும் சுகமாக இருக்கிறோம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசியுங்கள்.

ஏப்ரலில் தட்டுகளை மறுபடி வைத்தேன். ஒரு வாரம் மழையில் பிள்ளை மடுவக் கூரை ஒழுகி, நான் ஸ்டோருக்குப் போகவில்லை. அப்பா பார்த்துக்கொண்டார். வீட்டில் இருந்த வெறும் களித் தட்டைக் கண்டு, "இது மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு, தனியா கெடக்கு" என்று, டீமேக்கர் ஐயாவுக்குத் தெரியாமல் அதையும் ட்ரையர் மேலே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கொட்டப் பார்த்தேன். பிறகு அதையும் தாளில் ஏற்றினேன்.

புள்ளி வந்தது. அதே உயரத்தில். கிளைசினே இல்லாத களியில்.

ட்ரையர் மேலே விரலால் ஒரு கோடு இழுத்தேன். விரல் நுனியில் மண்ணிறத் தூள். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தாளில் வைத்தேன். வந்த புள்ளிகளில் கடுமையானது அதே இடத்தில் நின்றது. அது தேயிலை, அண்ணா. நாலு தட்டுக்குள்ளும் நாற்பத்தைந்து நாள் விழுந்த தேயிலைத் தூசி. வேறொருவர் என்றால் அந்த ஸ்டோருக்குள் கால் வைத்ததும் தும்மியிருப்பார். எங்கள் தலைமயிரில், சோற்றில், படுக்கையில் எல்லாம் அது இருக்கிறது. நாங்கள் அதைத் தூசி என்று நினைப்பதே இல்லை. விரல் படாமல் குறட்டால் தாளைப் பிடித்த நான், ஜன்னலைத் திறந்து தட்டையும் திறந்து வைத்தேன்.

மூடி போட்டு இருபது நாள் செய்தேன். மேலே இருந்த புள்ளி போய்விட்டது. கீழேயும் ஒன்றும் வரவில்லை.

மிஸ்ஸுக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் அந்தப் பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். இடம் போகலாம் என்று தெரியும்.

உங்கள் தங்கை,
றோசாலி


வெள்ளவத்தை
10.6.1979

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அம்மாவுக்குத் தைலம் ஒரு போத்தல் மொஹிதீன் நானாவின் லொறியில் வருகிறது. காலையிலும் இரவிலும் தேய்க்கச் சொல்.

விடுதித் தலைவியான மதரைப் பார்த்தேன். நல்ல மனுஷி. ஜன்னலோரக் கட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே கொசு அதிகம், வலை கொண்டு வா. கம்பளி வேண்டாம். இருபத்தெட்டாம் தேதி ரயிலுக்கு வந்தால் நான் கோட்டை ஸ்டேஷனில் நிற்பேன். நியமனக் கடிதம் அடித்தாகிவிட்டது, மிஸ்ஸின் கையெழுத்துத்தான் பாக்கி. லத்தீப்கூட இப்போது மரியாதையாகப் பேசுகிறான்.

வேறு விசேஷம் இல்லை.

அன்பு அண்ணன்,
மத்தேயு


மடுல்சீமை
19.6.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தைலம் கிடைத்தது. அம்மா இரண்டு நாளாகத் தேய்க்கிறார். வலி அப்படியே இருக்கிறது, ஆனால் உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்க்கிறார்.

கொசுவலையைப் பற்றி எழுதினீர்கள். கட்டிலைப் பற்றி எழுதினீர்கள். நான் உறையில் வைத்த கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொலைந்தது என்றால் தொலைந்தது என்று எழுதியிருப்பீர்கள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. மிஸ்ஸுக்கு அதே கடிதத்தை மறுபடி எழுதி, வெறும் களியின் தாளையும் தேயிலைத் தாளையும் வைத்து, இன்று பசறை தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். உங்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி ரயிலுக்கு வரமாட்டேன். கோட்டையில் காத்து நிற்க வேண்டாம்.

உங்கள் தங்கை,
றோசாலி


கொழும்பு
12.7.1979

செல்வி றோசாலி மரியநாயகம் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிவுத் தபால் கிடைத்தது.

உங்கள் தேயிலைத் தாளை இங்கே திரும்பச் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. தேயிலைக்கே உரிய அமினோ அமிலம் ஒன்று உண்டு. அதற்குத் தியனின் என்று பெயர். இது தெரிந்திருந்தும், தேயிலை ஸ்டோரிலிருந்து வந்த தாளைப் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அது என் பிழை.

வெளிநாட்டுக்கு எழுதிய கடிதத்தை மறுத்து இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதைச் செய்வது எனக்கு இலேசாக இருக்கவில்லை. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சில மாதத்தில் நானே கண்டுபிடித்திருப்பேன். அப்போது இந்தக் கடிதமும் இருந்திருக்காது.

மீதியுள்ள கிளைசினைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. ஜனவரியில் இன்னோர் இடம் வரலாம். விண்ணப்ப முடிவுத் தேதி டிசம்பர் 15. இது வாக்குறுதி அல்ல.

ஸவாஹிரா


வெள்ளவத்தை
2.9.1979

தங்கச்சி,

நீங்கள் எல்லோரும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு மாதமாக எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

உன் கடிதம் தொலையவில்லை. மே மாதக் கடைசியிலேயே கிடைத்தது. என் டிரங்குப் பெட்டியில் உடுப்புக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். உனக்கு இடம் கிடைக்கட்டும், வந்தபிறகு நீயே சொல்லிக்கொள்வாய் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி அந்தக் கதிரை. மிஸ் என்னை உட்காரச் சொன்ன நாளிலிருந்து காலையில் போனால் அதில் உட்கார்ந்து பேசுவேன். அதிலிருந்து எழும்ப மனம் வரவில்லை.

உன் பதிவுத் தபால் வந்த அன்று மிஸ் என்னைக் கேட்டார்: "இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?" தெரியும் என்றேன். நான் போய் போத்தல் கழுவினேன். லத்தீப் இப்போது, "உன் தங்கச்சி கண்டுபிடிச்சதுல ஒரு கோப்பை ஊத்து மச்சான்" என்கிறான். அதற்கு ஒரு நாள் அவனை அறைந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். கேட்டேன்.

போதும் தங்கச்சி. களியையும் தட்டையும் விட்டுவிடு. பதுளையில் தட்டெழுத்துப் படித்தால் கடையில் வேலை கிடைக்கும். உன்னை இதில் இழுத்துவிட்டது நான்.

மத்தேயு


மடுல்சீமை
2.12.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நடக்கிறார். அப்பாவைப் பசறை ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டிஸ்பென்சர் சொன்னார். படம் வந்ததும் எழுதுகிறேன். உங்களுக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. எழுதுவதற்கு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த வாரமே தட்டுகளைக் கழுவினேன். டீமேக்கர் ஐயாவிடம் போய் எட்டுத் தட்டுக்கு இடம் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். "என் தேயிலை உன் மண்ணுல விழுந்துச்சுன்னு நீ அழுகுற. உன் மண்ணு என் தேயிலையில விழுந்தா நான்ல அழணும்" என்றார். பிறகு எட்டுக்கும் இடம் தந்தார். நாலு தட்டில் கிளைசின் கலந்த களி, நாலில் வெறும் களி. எல்லாம் ஒரே தகட்டில், ஒன்றுவிட்டு ஒன்று, மூடியோடு. திறப்பதில்லை. மூடியைச் சற்று நகர்த்தி, துளிக்குழாயால் நானே நனைக்கிறேன். அப்பாவைத் தொட வேண்டாம் என்றேன். தொடவில்லை, ஆனால் தினமும் எண்ணிப் பார்க்கிறார்.

எழுபது தடவை ஆனபின் தாளில் ஏற்றினேன். மேலே ஒன்றுமில்லை. வெறும் களியில் எங்கேயும் ஒன்றுமில்லை. கிளைசின் போட்ட நாலில் மூன்றில், கிளைசினுக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கிறது. மிக மங்கல். சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டே மணி, அண்ணா, ஐந்தில்லை. புதிதாக ஒன்றுமில்லை, மற்றவர்கள் ஏற்கெனவே கண்டதில் ஒரு சிறு துண்டு. ஆனால் யாரும் கோக்காமல் அவை தாமே கோத்துக்கொண்டன. இவ்வளவு சிறிதாகத்தான் எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் புரதத்துக்கு இருபது அமிலமும் வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறது.

நாலாவது தட்டில் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. அதனால் மறுபடி தொடங்கிவிட்டேன். இன்று ஆறாம் தடவை. அது முடிய பெப்ரவரி ஆகும். விண்ணப்பத்துக்கோ பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்: நாலில் மூன்று தட்டில், ஒரு தடவை மட்டும், என் கண்ணால் மட்டும் பார்த்தது, இன்னும் உறுதியில்லை. அதற்கு முன் தேயிலைத் தூசியைப் புது அமிலம் என்று எழுதி அனுப்பியதையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இடம் தந்தால் தட்டுகளோடு வருவேன். தராவிட்டால் இங்கேயே எழுபதும் முடிப்பேன். தட்டெழுத்துப் படிக்க மாட்டேன்.

நீங்கள் என்னை இதில் இழுத்துவிடவில்லை. கிளைசின் தந்தீர்கள்.

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. இதைப் பதிவுத் தபாலில் மிஸ்ஸுக்கே அனுப்பியிருக்கலாம். உங்களுக்கு அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. முழுவதும் வாசித்துவிட்டு, பதினைந்தாம் தேதிக்கு முன் நீங்களே கொண்டுபோய் மிஸ்ஸின் கையில் கொடுங்கள்.

உங்கள் தங்கை,
றோசாலி